கடல் கடப்போர் கையோடு கொள்ள வேண்டியவை

(ஆண்டுத் திருவிழாவின் நான்காம் நாள் மாலை ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவிழாக் காலத்துச் சொற்பொழிவு என்றால் புராண வரலாறுகளை எதிர்பார்ப்பது இயல்பு. இன்று எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு பெட்டியைப் பற்றியது. அண்மை ஆண்டுகளில் அர்ச்சனைத் தட்டில் தேங்காய் பழத்தோடு கடப்பிதழையும் வைத்து அம்பாளின் பாதத்தில் சமர்ப்பிக்கும் குடும்பங்கள் பெருகி வருகின்றன. மகன் மெல்பேர்ன் நகருக்குப் படிக்கச் செல்கிறான். மகள் இலண்டனில் தாதியாகப் பணி ஏற்கிறாள். மருமகன் குடும்பத்தோடு பெர்த் நகரிற் குடியேறுகிறார். அர்ச்சனை முடிந்து வீடு திரும்பியதும் கூடத்தின் நடுவே பெட்டி திறந்து கிடக்கிறது. எதை வைப்பது, எதை விடுவது என்ற பேச்சு எழுகிறது. தாய் ஊறுகாயை வைக்கிறார். மகன் எடுத்து வெளியே வைக்கிறான். பாட்டியின் விளக்கு யாருக்கு என்ற கேள்வி வந்ததும் வீடே மௌனமாகிவிடுகிறது. இது சிறிய விஷயமன்று. ஒரு குடும்பம் எதைத் தன் வாழ்வின் உயிர்நாடியாகக் கருதுகிறது என்பது அந்தப் பெட்டி நிரம்பும்போது வெளிப்பட்டு விடுகிறது.

முன்னோர் சுமந்த மூட்டை

இந்நாட்டுத் தமிழருக்குப் பெட்டி கட்டுவது புதிதன்று. மலாய் மொழியில் கப்பலுக்குக் 'காப்பால்' என்றும், பெட்டிக்குப் 'பெத்தி' என்றும், கடைக்குக் 'கெடை' என்றும், கோயிலுக்குக் 'குயில்' என்றும் பெயர் வழங்குகின்றது. நான்கும் தமிழ்ச் சொற்களே. கப்பலும் பெட்டியும் கடையும் கோயிலும் இந்த மண்ணின் மொழியிலேயே கலந்து நிற்கின்றன என்றால், தமிழர் இக்கடலைக் கடந்த வரலாறு எத்துணைப் பழமையானது என்பதை உணரலாம்.

1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பலின் பெயரைக் கேட்டதும் முகம் மலரும் முதியோர் இன்றும் உள்ளனர். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் பயணிகளை ஏற்றி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைகளில் இறக்கிவிட்ட கப்பல் அது. 1970களின் தொடக்கம் வரை அது ஓடியது. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களே அதன் பயணிகளுள் மிகப் பெரும்பாலோர். அவரவர் பாயும் மூட்டையும் எவ்வளவு இடத்தை அடைத்ததோ, அவ்வளவே அவரவர் வீடு. தகரப்பெட்டி வைத்திருந்தவர் வசதியுள்ளவர் எனக் கருதப்பட்டார்.

கங்காணியின் பின்னே பால்மரத் தோட்டத்திற்கு வந்தவரோ, பயணச் செலவைக் கூடத் தாம் கொடுக்க இயலாதவர். 1907ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதியிலிருந்தே அவருக்குக் கப்பல் கட்டணம் செலுத்தப்பட்டது. 1938ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் அத்தகைய தொழிலாளர் பயணத்தைத் தடை செய்யும் வரையில் அவ்வழியே வந்தவர் பல்லாயிரவர். மாற்று வேட்டி, ஒரு சேலை, ஒரு செம்பு, சிறிது திருநீறு, முந்தானையில் முடிந்த சில காசு என்ற அளவிலேயே அவர்தம் உடைமை நின்றது.

ஒரு பிடி மண்

தமிழ்நாட்டில், குறிப்பாகத் தென்மாவட்டங்களில், ஒரு வழக்கம் உண்டு. பிழைப்புக்காக வேறூர் செல்லும் குடும்பத்தார் தம் குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் துணியில் முடிந்துகொள்வர். புதிய ஊரில் அந்த மண்ணைப் பதித்து, அதன்மேல் பீடம் எழுப்பி, அதே தெய்வத்தை வழிபடுவர். அதற்குப் பிடிமண் என்று பெயர். மலாயாவுக்குக் கப்பலேறியவருள்ளும் அவ்வாறு மண் முடிந்து வந்தவர் உண்டு என்பது தோட்டங்களில் வழங்கிவந்த செய்தி.

எனினும் தோட்டக் கோயில்கள் யாவும் பிடிமண்ணால் எழுந்தவை அல்ல. மரத்தடியில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி, ஒரு சூலத்தை ஊன்றிக் கும்பிடத் தொடங்கியதே பல கோயில்களின் முதல் வரலாறு. மண் கொண்டு வந்தவரும் கோயில் கண்டார். வெறுங்கையோடு வந்தவரும் கோயில் கண்டார். இருவரிடமும் பொதுவாக இருந்தது யாது? எந்த நாளில் காப்புக் கட்ட வேண்டும், கரகம் எவ்வாறு சோடிக்க வேண்டும், கூழ் எவ்வாறு காய்ச்ச வேண்டும், எந்த முறையில் அன்னையை அழைக்க வேண்டும் என்ற அறிவு இருவரிடமும் இருந்தது. அந்த அறிவு இல்லாதவர் கையில் ஒரு பிடி மண் வெறும் மண்ணாகவே இருந்திருக்கும்.

சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1819ஆம் ஆண்டு ராபிள்ஸ் துரையோடு பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த நாராயண பிள்ளை, 1827ஆம் ஆண்டில் மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் ஆகிய எளிய ஆலயத்தில் சிறியதோர் அம்மன் திருவுருவத்தைப் பிரதிஷ்டை செய்தார். அவர் சிங்கப்பூரில் நிலைபெற எண்ணியபோது பினாங்கிலிருந்து வரவழைத்தது பெட்டிகளை அன்று; கொத்தர், தச்சர், துணி வணிகர் ஆகிய தொழில் அறிந்த மக்களைத்தான். செங்கல்லைச் சிங்கப்பூரிலேயே சுட்டுக்கொள்ளலாம். அதை அடுக்கத் தெரிந்த கை வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பெரும்பொருளைக் கடல் கடந்து கொண்டு வந்தவர்களும் உண்டு. பினாங்கில் தைப்பூசத்தன்று பவனி வரும் நகரத்தாரின் வெள்ளி இரதம் 1894ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. நூற்றாண்டு கடந்தும் அந்த இரதம் ஓடுகின்றது என்றால், அதை ஆண்டுதோறும் துலக்கி, பூட்டி, இழுத்துச் செல்லும் முறை தலைமுறைதோறும் கைமாறி வந்திருப்பதே காரணம். இழுப்பாரின்றிக் கொட்டகையில் நின்றிருந்தால் அது வெள்ளித் தகடுகளின் தொகுதியாகவே எஞ்சியிருக்கும்.

பெட்டியில் இல்லாத பொருள்

முன்னோரின் பெட்டியில் ஒரு பொருள் இல்லாமற் போயிற்று. அதன் இழப்பை அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுமந்தனர். அப்பொருள் எழுத்துச் சான்று.

பிறந்த ஊர் இன்னது, பிறந்த நாள் இன்னது, பெற்றோர் இன்னார், திருமணம் நடந்தது இன்ன நாளில் என்பதற்குரிய பத்திரம் பலரிடம் இல்லை. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைப் பதிவு செய்யாதவரும் பலர். பெயர் ஒவ்வோர் ஏட்டிலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருந்தது. 1957ஆம் ஆண்டு நாடு சுதந்திரம் பெற்றபோது குடியுரிமைக்கு மனுச் செய்ய வேண்டும் என்பதை அறியாமலோ, சான்று காட்ட இயலாமலோ இருந்துவிட்டவர் ஏராளம். 1968ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற நிலை 1969இல் வந்தது. இந்நாட்டில் பல்லாண்டு பால்மரம் வெட்டியவர் பலர், தம் பெட்டியைத் திரும்பவும் கட்டிக்கொண்டு, தாம் வந்த அதே கப்பலில் திரும்பிச் சென்றனர். தங்கிவிட்டவருள் சிலர் சிவப்பு அடையாளக் கார்டோடே காலத்தைக் கழித்தனர். இன்றும் பத்திரமின்மையால் அல்லற்படும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன.

ஆதலின் இன்று கடல் கடக்கும் பிள்ளையின் பெட்டியில் முதலிடம் பெற வேண்டியது பட்டுப்புடவையும் அன்று, பாத்திரமும் அன்று, பத்திரங்களே. பிறப்புப் பத்திரம், பள்ளி மற்றும் உயர்கல்விச் சான்றிதழ்கள், திருமணப் பத்திரம், வேலைச் சான்றுகள், தடுப்பூசிப் பதிவு, வாகன உரிமம் ஆகியவற்றின் மூலங்களைக் கைப்பையில் எடுத்துச் செல்ல வேண்டும். சரக்குப் பெட்டியில் வைத்தல் ஆகாது. மலாய் மொழியில் உள்ள பத்திரங்களுக்கு அங்கீகாரம் பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பை இங்கிருக்கும்போதே பெற்றுக்கொள்வது நலம். ஒவ்வொன்றின் நகலும் பெற்றோரிடம் ஒரு கோப்பில் இருத்தல் வேண்டும். கடப்பிதழிலும் சான்றிதழிலும் பெயரின் எழுத்துகள் ஒன்றாக உள்ளனவா என்று பார்த்து, வேறுபாடு இருப்பின் புறப்படுமுன்பே சரிசெய்துகொள்ள வேண்டும்.

இன்று எல்லை தாண்டாதவை

முன்னோருக்குக் கையில் காசில்லை. ஆனால் முடிந்து வந்த மண்ணைப் பிடுங்குவார் இல்லை. இன்று நிலைமை தலைகீழ். பல விமான நிறுவனங்கள் 23 கிலோவோ 30 கிலோவோ கொண்டுசெல்ல இடமளிக்கின்றன. ஆயின் எதைக் கொண்டுசெல்வது என்பதற்குச் சட்டம் குறுக்கே நிற்கின்றது.

ஆஸ்திரேலியாவில் இறங்குவோர் தம்மிடமுள்ள உணவு, செடி, விதை, மரப்பொருள், விலங்கினப் பொருள் ஆகியவற்றைப் பயணி அட்டையில் அறிவித்தே தீரவேண்டும். முன் அனுமதியின்றி மண் கொண்டுசெல்லத் தடை உண்டு. காலணியின் அடியில் ஒட்டியிருக்கும் சேற்றையும் கழுவிச் செல்ல வேண்டும். முருங்கை விதை, கறிவேப்பிலைக் கன்று, மாவிலைத் தோரணம் இவற்றையெல்லாம் ஆசையோடு மறைத்து எடுத்துச் சென்று அகப்பட்டுக்கொண்டால், அபராதத்தோடு விசாவையே இழக்கவும் நேரிடும். அறிவித்துக் காட்டியவருக்கு அந்தத் தொல்லை இல்லை. பொருளைச் சோதித்து, கூடியதைத் திருப்பித் தருவர், கூடாததை எடுத்துக்கொள்வர். உருத்திராக்கம் ஒரு விதை; திருநீறு பசுவின் சாணத்தினின்று வருவது. இவற்றையும் முன்வந்து காட்டிவிடுவதே முறை. இந்தக் கட்டுப்பாடு நம் சமயத்தின்மீது வந்த வெறுப்பன்று. ஒரு பூச்சியோ ஒரு நோயோ விதையோடும் மண்ணோடும் நுழைந்து அந்நாட்டு வேளாண்மையை அழித்துவிடக்கூடாது என்ற அச்சமே அதற்குக் காரணம்.

பிரிட்டனோ, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பயணிகள் இறைச்சியும் பாற்பொருளும் கொண்டுவருவதைத் தடுக்கின்றது. அம்மா உருக்கிய நெய்யும் வீட்டிற் கிண்டிய பால்கோவாவும் அங்கே எல்லையைத் தாண்டா. கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள். எந்த நாட்டுக்குச் சென்றாலும் விமானப் பெட்டியில் அதற்கு இடமில்லை. கையளவு வேலாயினும் அதன் முனை கூரியது. அது கைப்பையில் அன்று, சரக்குப் பெட்டியிலேயே செல்ல வேண்டும்.

மின்சாதனங்களிலும் கவனம் வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பயன்படும் மூன்று சதுரக்கால் செருகியே பிரிட்டனிலும் பயன்படுகின்றது. ஆஸ்திரேலியாவில் மின்னழுத்தம் ஏறத்தாழ இங்குள்ளதே. செருகியின் கால்கள்தாம் சாய்வானவை. அமெரிக்காவிலோ மின்னழுத்தம் 120 வோல்ட். இங்கு வாங்கிய மாவரைக்கும் இயந்திரம் அங்கே தக்கபடி சுழலாது. நாள்தோறும் உட்கொள்ளும் மருந்தை மருத்துவரின் கடிதத்தோடும், மருந்தகத்தின் சீட்டு ஒட்டிய பெட்டியோடும் எடுத்துச் செல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு மூன்று மாதத் தேவைக்கு மேற்படாமல் கொண்டுசெல்வதே விதி.

மசாலைத் தூளையும் பருப்பையும் கிலோக் கணக்கில் அடைத்துவிடும் தாய்மார்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். இலண்டனின் ஈஸ்ட்ஹாம், வெம்பிளி பகுதிகளிலும், சிட்னியிலும், மெல்பேர்னிலும் நம்மவர் கடைகள் நிறைந்துள்ளன. இலண்டன் ஹைகேட் குன்றில் முருகன் இருக்கிறார். சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க்கில் வேங்கடேசப் பெருமாள் இருக்கிறார். மெல்பேர்ன் அருகே கேரம் டவுன்ஸில் சிவனும் விஷ்ணுவும் ஓராலயத்தில் எழுந்தருளியுள்ளனர். பிள்ளை அங்கே அனாதையாக இறங்கவில்லை. கடையிற் கிடைக்கும் பருப்புக்காகப் பெட்டியை நிரப்புவதைக் காட்டிலும், அந்தப் பருப்பைக் கொண்டு சாம்பார் வைக்கும் பக்குவத்தைப் புறப்படுவதற்கு ஒரு திங்கள் முன்பே மகனுக்கும் மகளுக்கும் அடுப்பங்கரையில் நிறுத்திக் கற்பித்து அனுப்புவது மேல்.

பாட்டியின் விளக்கு யாருக்கு?

இனி, வீட்டை மௌனமாக்கும் அந்தக் கேள்விக்கு வருவோம். பாட்டியின் குத்துவிளக்கு, தாத்தாவின் பூசைமணி, அம்மாவின் அரைஞாண், அப்பத்தாவின் வெள்ளிக்கிண்ணம் ஆகியவற்றை யார் எடுத்துச் செல்வது?

இதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. ஒரு பொருளை இன்று யார் பயன்படுத்துகிறாரோ, அப்பொருள் அவரிடமே இருக்க வேண்டும். பாட்டி மாலைதோறும் அந்த விளக்கை ஏற்றுகிறார் என்றால், அதைப் பெட்டியில் வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. பேரன் பறந்து சென்ற மறுநாள் மாலை, வெற்றுப் பூசையறையின் முன் அந்த மூதாட்டி நிற்பது குடும்பத்துக்குப் பெருமையாகாது. "நான் கண்ணை மூடிய பிறகு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொல்வாரானால் அதையும் விவாதமின்றி ஏற்க வேண்டும். அவரே மனமுவந்து கொடுப்பாரானால், எடுத்துச் செல்பவர் அதை ஏற்றுவாரா என்பதே அடுத்த கேள்வி. கண்ணாடி அலமாரியில் அலங்காரமாக நிற்கப்போகும் ஐந்து கிலோப் பித்தளையைக் காட்டிலும், வெள்ளிக்கிழமைதோறும் ஏற்றப்படும் ஓர் அகல் விளக்கு அக்குடும்பத்தை நெருக்கமாகப் பிணைக்கும்.

குடும்பம் முழுவதுமே குடிபெயரும்போது பூசையறைப் படங்களும் விக்கிரகங்களும் பெருஞ்சிக்கலாகின்றன. பலர் இரவோடு இரவாக அவற்றை ஆலயத்து அரசமரத்தடியில் வைத்துவிட்டுச் செல்கின்றனர். மழையில் நனைந்து, கண்ணாடி உடைந்து, ஆணி துருப்பிடித்து அவை கிடக்கும் காட்சியை ஆலயத்திற்கு வருவோர் யாவரும் கண்டிருப்பர். பல்லாண்டு கைகூப்பி வணங்கிய திருவுருவத்திற்கு அதுவா பிரியாவிடை? உறவினருள்ளோ அண்டை வீட்டாருள்ளோ தொடர்ந்து வழிபடக்கூடியவரைத் தேடி, நல்ல நாள் பார்த்து, கையிற் கொடுக்க வேண்டும். அதற்கு வழியில்லையெனில் குருக்களிடமும் நிர்வாகத்தாரிடமும் முன்கூட்டியே கலந்து பேசினால் முறையான வழி சொல்வர்.

பெற்றோர் இங்கேயே தங்கிவிடும் வீடுகளில் இன்னொரு கடமையும் உண்டு. பிள்ளை எதை எடுத்துச் சென்றான் என்பதோடு, எதை விட்டுச் சென்றான் என்பதும் எண்ணத்தக்கது. தகப்பனாரின் மருத்துவமனை அட்டை எங்கே இருக்கிறது, தாயாரின் மாத்திரையை யார் வாங்கித் தருவார், மின்கட்டணத்தை யார் செலுத்துவார், நள்ளிரவில் உடல்நலம் குன்றினால் எந்த அண்டை வீட்டாரை அழைப்பது என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் புறப்படுவதும் பெட்டி கட்டுவதன் ஒரு பகுதியே.

எடையற்ற உடைமை

விமான நிலையத் தராசில் ஏறாத உடைமைகள் சில உண்டு. அவற்றைக் கடைசி நாளில் அடைக்க இயலாது. ஆண்டுக்கணக்கில் அடைக்க வேண்டும்.

குலதெய்வத்தின் பெயர் என்ன? அக்கோயில் தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்தில், எந்த ஊரில் உள்ளது? கப்பலேறி வந்தவர் யார்? அவர் முதன்முதலாக வேலை செய்த தோட்டம் எது? அத்தோட்டம் இன்று செம்பனைக் காடாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறியிருக்கலாம். அதன் பெயரையாவது அறிய வேண்டாமா? நம் வீடுகளில் இக்கேள்விகளுக்கு விடை அறிந்தவர் ஒருவரோ இருவரோதான் எஞ்சியுள்ளனர். அவர்களும் முதியோர். ரஜூலாவின் மேல்தட்டில் வந்தவரின் நினைவு எந்தப் பெட்டகத்திலும் இல்லை. அது அவர் மூச்சோடு இருக்கிறது. அவர் போன பின்னர் அதை எந்த நாட்டுக்கும் எடுத்துச் செல்ல முடியாது.

விளக்கேற்றும் முறை, ஒரு தேவாரப் பதிகம், பொங்கல் வைக்கும் பக்குவம், தாய்மொழியில் ஒரு கடிதம் எழுதும் திறம், உறவினரை எந்த முறை சொல்லி அழைப்பது என்ற தெளிவு ஆகிய இவையெல்லாம் அத்தகைய உடைமைகளே. இவற்றைச் சுங்க அதிகாரி கேட்பதில்லை. இவற்றுள் ஒன்றும் அறியாத பிள்ளையின் பெட்டியில் வெள்ளி விளக்கையும் பட்டுவேட்டியையும் பெற்றோர் திணித்து அனுப்பினால், அவை அங்கே ஒரு மூலையில் கிடக்கும். இவற்றை அறிந்த பிள்ளையோ, அந்நாட்டுக் கடையில் வாங்கிய ஒரு மண்ணகலை வைத்துக்கொண்டே தன் வீட்டை அமைத்துக்கொள்ளும். மரத்தடியில் கல்லை நட்டுக் கும்பிட்ட முன்னோர் செய்ததும் அதுவே.

ஆகவே, இவ்வாண்டு வெளிநாடு புறப்படும் பிள்ளைகள் உள்ள இல்லத்தாருக்கு ஒரு வேண்டுகோள். திருவிழா நிறைவடைய இன்னும் ஆறு நாள் உண்டு. ஒரு மாலை, அன்னதானம் முடிந்தபின், வீட்டின் மூத்தவரை இம்மண்டபத்திலேயே அமர்த்தி, பிள்ளையை அவர் அருகில் உட்காரச் செய்யுங்கள். ஊர்ப்பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் அவர் சொல்லச் சொல்லப் பிள்ளை தன் கைப்பட எழுதிக்கொள்ளட்டும். அந்தத் தாள் பிறப்புப் பத்திரத்தோடு ஒரே உறையில் செல்லட்டும். எல்லையில் எவரும் அதைத் தடுக்கமாட்டார். எந்த விமானமும் அதற்குக் கட்டணம் கேளாது.

புறப்படும் பிள்ளைகள் சென்ற இடத்தில் சிறப்புற வாழவும், இங்கிருக்கும் பெற்றோர் நலமுடன் நீடு வாழவும் அன்னை பராசக்தி திருவருள் பாலிப்பாளாக.